நாயோடு நடக்க ஒரு கத்தரிக்காய்ப் பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் என் நாய் மிளகோடு நடக்கக் கிளம்பும்போது அவளுடைய லீஷில் ஒரு கத்தரிக்காய் தொங்கும். ஊதா உடம்பு, பச்சைக் காம்பு, உள்ளங்கையில் அடங்கும் அளவு. நூலில் பின்னியது. உள்ளே இருப்பது, நாய் மலம் அள்ளும் பைகளின் சுருள். பார்ப்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் நின்று விசாரிக்கிறார்கள். விசாரித்தவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இதற்குத் தனியாக ஒரு பை எதற்கு? இரண்டு கவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் போதாதா?

போதும், ஞாபகம் இருந்தால். எனக்கு இருந்ததில்லை. என் சுடிதார்களில் பாதிக்குப் பாக்கெட்டே கிடையாது. ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் செருப்பைத் தேடி, சாவியைத் தேடி, கதவைப் பூட்டித் தெருமுனைக்கு வந்த பிறகுதான் கவர் நினைவுக்கு வரும். மிளகு அதற்குள் உட்கார்ந்து வேலையை முடித்திருப்பாள். நானும் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நழுவியிருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை.

லீஷை மறந்துவிட்டு நாயோடு கிளம்ப முடியாது. லீஷிலேயே பை தொங்கினால் பையையும் மறக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அள்ளுவது ஏதோ நாகரிகத்துக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். நாய் மலத்தில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இருக்கலாம். உருண்டைப்புழு முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அதனால் சூட்டோடு சூடாக அள்ளிவிட்டால் பெரும்பாலான ஆபத்து அங்கேயே முடிந்தது. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மணலிலிருந்து வெறுங்காலின் தோலுக்குள் நுழையும். கடற்கரையில் செருப்பில்லாமல் விளையாடிய குழந்தையின் பாதத்தில் சிவப்பாகக் கோடு கோடாக வளைந்து அரிக்கும் தடிப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாய்க்குட்டிகளுக்கு உயிரைப் பறிக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டி மோந்து பார்த்தால் போதும்.

சரி, ஏன் கத்தரிக்காய்?

சுருள் உருளையாக இருக்கிறது. உருளைக்கு மேலே சுருக்கு, கீழே உருண்டை என்றால் அது தானாகவே கத்தரிக்காய் ஆகிவிடுகிறது. சுருக்குக் கயிறு காம்பு ஆகிவிட்டது. நான் திட்டமிட்டதெல்லாம் இல்லை, முதலில் பின்னியதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருக் காய்கறி வண்டிக்காரர்தான் “கிலோ என்ன விலைம்மா?” என்று கேட்டார். அடுத்ததை ஊதா நூலில் பின்னினேன்.

எனக்குப் பின்னவே தெரியாது. முடியுமா?

முடியும். இரண்டே இரண்டு அசைவு: நிட், பர்ல். இவை என்ன என்று தெரிந்துகொள்ள வீட்டிலிருக்கும் ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி ‘V’ வரிசை தெரியும், அது நிட். உள்பக்கம் திருப்பினால் சின்னச் சின்ன மேடுகள், அது பர்ல். ஒரே கண்ணியின், அதாவது ஒரே நூல் வளையத்தின், முகமும் முதுகும். திருப்பூரில் எந்திரம் வினாடிக்கு எத்தனையோ போடுவதை நாம் இரண்டு ஊசியில் ஒவ்வொன்றாகப் போடப் போகிறோம். பின்னலாடை என்று அதற்குப் பெயர் வந்ததே இதனால்தான். பனியனை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும் அல்லவா, உங்கள் பின்னலும் அப்படியே சுருளும். பயப்பட வேண்டாம், தைத்ததும் அடங்கிவிடும்.

வயர் கூடை போட்டுப் பழகிய கை என்றால் இன்னும் நல்லது. முறை வேறுதான், அங்கே முடிச்சு, இங்கே கண்ணி. ஆனால் சிவன் கண் கூடை போடும்போது எண்ணிக்கை தவறாமல் காப்பாற்றும் பொறுமை இருக்கிறதே, அதுதான் இங்கேயும் வேண்டும்.

ஒரு சின்னத் தொல்லை. மிளகு கன்னி வகை நாய், கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் பழுப்புப் பொட்டு. தென் மாவட்டங்களில் மணப்பெண்ணோடு சீதனமாக அனுப்புவார்கள் என்று அந்தப் பெயருக்குக் காரணம் சொல்வார்கள். நான் வாய்விட்டுக் கண்ணி எண்ணினால் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று வந்து மடியில் தலை வைக்கிறாள். எண்ணிக்கை அதோடு போச்சு.

எந்த நூல் வாங்குவது?

பருத்தி. எட்டு இழை கனமுள்ள பருத்தி நூல் கிடைத்தால் அதுவே. கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் அக்ரிலிக்தான் எடுத்துக் கொடுப்பார்கள், ஆட்டு ரோமம் அதில் துளியும் இருக்காது. அக்ரிலிக் மோசமில்லை. விலை குறைவு, நிறம் ஏராளம், மழைக்காலத்தில் சீக்கிரம் காயும். ஆனால் இழுத்தால் நீண்டுகொண்டே போகும், பைச்சுருளின் கனத்துக்குக் கத்தரிக்காய் ஒரு மாதத்தில் புடலங்காயாகிவிடும். பருத்தி அவ்வளவு நெகிழாது. அசல் கம்பளி நூல் சென்னை வெயிலில் எதற்கு? ஊட்டியில் இருப்பவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

ஐம்பது கிராம் உருண்டை ஒன்றில் குறைந்தது மூன்று பை வரும். பச்சை நூல் கொஞ்சம்தான் தேவை, மிச்சம் மீதி இருந்தால் போதும்.

எத்தனையாம் நம்பர் ஊசி?

3.25 மில்லிமீட்டர். நம் கடைகளில் இது 10 நம்பர். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இங்கே புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண் முறை, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறை தலைகீழ், அங்கே 10 நம்பர் என்றால் 6 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட பென்சில் கனம். அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடையில் நம்பர் சொல்லாதீர்கள், மில்லிமீட்டரைச் சொல்லுங்கள்.

நூல் உறையில் இதைவிடப் பெரிய ஊசி போட்டிருக்கும். அது சட்டை பின்னுவதற்கான கணக்கு. நமக்கு இறுக்கமான துணி வேண்டும், அதனால் வேண்டுமென்றே மெல்லிய ஊசி.

முழுச் செய்முறையையும் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் சுருளை அளந்துகொள்ளுங்கள். என்னுடையது சுமார் 6 சென்டிமீட்டர் உயரம், சுற்றளவு 10. கீழே உள்ள கணக்கு அதற்கானது. 10 சென்டிமீட்டர் அகலத்தில் 24 கண்ணி விழுகிறதா என்று ஒரு சிறு துண்டு பின்னிப் பார்த்துவிடுங்கள். குறைவாக விழுந்தால் ஊசியை ஒரு அளவு மெல்லியதாக்குங்கள்.

பை மேலிருந்து கீழே வளரும், தட்டையாகப் பின்னிக் கடைசியில் பக்கவாட்டில் தைப்போம். பச்சை நூலில் 30 கண்ணி ஊசியில் ஏற்றுங்கள். முதல் நான்கு வரிசையும் முழுக்க நிட். ஐந்தாவது வரிசையில் கயிறு நுழையும் ஓட்டைகள்: ஒரு நிட், நூலை ஊசிமேல் ஒரு சுற்று, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒரே நிட். இதையே வரிசை முடியும்வரை பத்து முறை. சேர்த்ததில் ஒன்று குறைகிறது, சுற்றியதில் ஒன்று கூடுகிறது, ஆகவே 30 அப்படியே இருக்கும். ஆறாவது வரிசை பர்ல், ஏழாவது நிட், எட்டாவது பர்ல். பச்சை முடிந்தது.

ஊதாவுக்கு மாறுங்கள். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றி 22 வரிசை. ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வரும். டிவி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய பகுதி இது ஒன்றுதான்.

இனி அடிப்பாகத்தைக் குறுக்க வேண்டும். மூன்று நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, இப்படி ஆறு முறை: 24 கண்ணி மிஞ்சும். ஒரு வரிசை பர்ல். இரண்டு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, ஆறு முறை: 18. பர்ல். ஒரு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, ஆறு முறை: 12. பர்ல். கடைசியாக இரண்டிரண்டாகவே சேர்த்துக்கொண்டு போனால் 6. நூலை 30 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, அந்த ஆறு கண்ணிக்குள்ளும் விட்டு இழுத்தால் அடி உருண்டையாக மூடிக்கொள்ளும். சுருக்குப்பை வாயை இழுப்பது போலத்தான்.

அதே நூலால் பக்கவாட்டைத் தைக்க ஆரம்பியுங்கள். நல்ல பக்கம் உங்களைப் பார்க்க இரண்டு ஓரத்தையும் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, இந்த ஓரத்தில் ஒரு இழை, அந்த ஓரத்தில் ஒரு இழை என்று ஏணிப்படி ஏறுவது போல எடுத்துத் தையுங்கள். ஊதாப் பகுதியின் நடுவில் 3 சென்டிமீட்டர் தைக்காமல் விடுங்கள், மலப்பை வெளியே வரும் வாய் அதுதான். அதற்கு மேலே மறுபடி தைத்து முடித்து, அந்த வாயைச் சுற்றிக் காஜா தையல் போடுங்கள். சட்டைப் பொத்தான் துளைக்கு டெய்லர் போடுவாரே, அதே தையல். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் வாய் சுருண்டு பை சிக்கும்.

கயிறுக்குப் பச்சை நூல் ஆறு இழை எடுத்து, இரண்டிரண்டாகப் பிரித்துச் சடை பின்னுங்கள். நாற்பது சென்டிமீட்டர் போதும். ஓட்டைகளில் நுழைத்து, நுனிகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். பச்சைப் பகுதியிலிருந்து ஊதா மீது ஐந்தாறு முக்கோணங்கள் இறங்குவது போல நூலால் தைத்தால் கத்தரிக்காயின் தொப்பி வந்துவிடும். இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்தால் அது வெறும் ஊதாப் பை.

கை தேறியவர்கள் ஊதாப் பகுதியில் நிட் வரிசையின் நடுநடுவே ஒரு பர்ல் போட்டுப் பாருங்கள். மேடு மேடாக எழும். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் என்று சொல்லிக்கொள்ளலாம், முள் அங்கே காம்பில்தான் அதிகம் என்றாலும்.

கண்ணி நழுவிவிட்டது, எண்ணிக்கை 29 வருகிறது. பிரித்துவிடவா?

வேண்டாம். நழுவிய கண்ணியை நுனியில் கொக்கி உள்ள ஒரு குரோஷே ஊசியால் படிப்படியாக மேலே தூக்கலாம். எங்கே போனது என்றே தெரியவில்லையா? அடுத்த வரிசையின் ஓரத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். நாய் எண்ணிப் பார்க்காது.

பை வாய் 3 சென்டிமீட்டர் என்கிறீர்கள். கொஞ்சம் தாராளமாக விட்டால் என்ன?

விட்டேன். முதல் பையில் 6 சென்டிமீட்டர் விட்டு, அதுவும் தளர்வாகப் பின்னியிருந்தேன். திருவான்மியூர் கடற்கரையில் ஒரு பையை இழுத்ததும் சுருளே வெளியே குதித்து மணலில் உருண்டது. காற்று வேறு. பதினைந்து பைகளும் ஒன்றோடொன்று ஒட்டியபடி பட்டத்தின் வால் மாதிரி நீண்டு பறக்க, மிளகு அதைத் துரத்த, நான் மிளகைத் துரத்தினேன். அவள் ஓட்டத்துக்கென்றே பிறந்த இனம். யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

குரோஷேயில் போடலாமா?

தாராளமாக. துணி இன்னும் இறுக்கமாக வரும். 3.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசியில், நடு வளையத்தில் 6 கண்ணி, அடுத்த சுற்றுகளில் 12, 18, 24 என்று கூட்டி, 24லேயே நேராக மேலே போங்கள். ஒற்றைக் குரோஷே மட்டும் போதும். வாய்க்கு, நடுவில் ஆறேழு வரிசையைச் சுற்றாகப் போகாமல் திருப்பித் திருப்பிப் போட்டால் பிளவு தானாக விழும்.

எங்கே மாட்டுவது? நாயின் கழுத்துப்பட்டையிலா?

கூடாது. நடக்கும்போது ஆடி ஆடிக் காலில் இடிக்கும், புதரில் சிக்கும், குனிந்து மோந்தால் தரையில் புரளும். எல்லாவற்றையும் விட, நாயின் வாய்க்கு எட்டும். லீஷின் கைப்பிடியை ஒட்டிச் சாவிக்கொத்துக் கொக்கி ஒன்றால் மாட்டுங்கள். இடுப்பில் பெல்ட் போடுகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்ளலாம்.

நாய் இதைக் கடித்துத் தின்றுவிட்டால்?

இந்தப் பக்கத்தில் சிரிக்காமல் படிக்க வேண்டிய பதில் இது. நீளமான நூல் குடலுக்குள் போவது கல், பொத்தான் போவதைவிட மோசம். ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, குடல் அதைத் தள்ளப் பார்த்துத் தானே மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். நூல் அறுவை செய்யும் கம்பி மாதிரிக் குடலை வெட்டிவிடலாம். வாய்க்கு வெளியிலோ ஆசன வாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள், வெட்டியும் விடாதீர்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நூல் போனது சந்தேகமாக இருந்து, வாந்தி, சாப்பாடு வேண்டாமென்பது, சுருண்டு படுப்பது என்று ஏதாவது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

அதனால்தான் மணி, பொத்தான், கண் என்று எதையும் நான் ஒட்டுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்காய் ஆணியில், உயரத்தில். நூல் உருண்டையும் டப்பாவுக்குள்.

அள்ளிய பையையும் இதற்குள்ளேயே போட்டுக்கொள்ளலாமா?

ஐயோ, வேண்டாம்! அதைக் கட்டித் தொங்கவிட லீஷில் தனியாக ஒரு வளையம் கட்டிக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டி வரும்வரை அது அங்கே தொங்கட்டும். வீட்டுத் தொட்டியில் உரம் போடுகிறவர்கள் நாய் மலத்தை அதில் சேர்க்காதீர்கள். மொட்டைமாடி உரப் பானையில் எழும் சூடு புழு முட்டைகளைக் கொல்லப் போதாது, அதே மண்ணில்தான் கீரை விதைப்போம்.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறதே?

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு இங்கே தடை. அதனால் நான் மக்கும் பைச்சுருளே வாங்குகிறேன். ‘பசுமை’, ‘இயற்கைக்கு உகந்தது’ என்று இலை படம் போட்டிருப்பதை நம்பாமல், உறையில் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். மக்கும் பைகள் வெயிலிலும் ஈரத்திலும் வீட்டிலேயே மக்க ஆரம்பித்துவிடும், வருஷத்துக்கானதை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். ஒருநாள் பிரித்தால் கையோடு கிழிந்து வரும். கிழியும் நேரம் எது என்று சொல்ல வேண்டாமே.

செய்தித்தாள் இன்னும் சுலபம். ஒரு தாளை நான்காகக் கிழித்து, பீடி மாதிரிச் சுருட்டிக் கத்தரிக்காய்க்குள் செருகினால் நாலு நாளைக்கு வரும். எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா வெகுகாலமாகத் தாளில்தான் அள்ளுகிறார், விளையாட்டுப் பக்கத்தை மட்டும் கிழிக்க விடமாட்டார்.

அதிலேயே பிஸ்கட்டும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

மலப்பை எடுக்கிற விரலாலேயே பிஸ்கட்டும் எடுப்பீர்களா? தனியாக இன்னொன்று பின்னுங்கள், வாய் விடாமல் முழுக்கத் தைத்து, உள்ளே துணி வைத்து. துணி இல்லாவிட்டால் பிஸ்கட் தூள் கண்ணிக்குள் இறங்கி எறும்பு வரும்.

விடியற்காலையிலும் இரவிலும் நடக்கிறோம். வண்டிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும்.

வெயில் காலத்தில் எல்லோரும் அந்த நேரத்தில்தான் நடக்கிறோம், நடக்கவும் வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது அடுப்புதான். மோட்டார் சைக்கிள் கடைகளில் தையல் போடக்கூடிய துணிப்பட்டை கேளுங்கள். ரேடியம் பட்டை என்றால்தான் புரியும், அதில் ரேடியம் ஒன்றும் கிடையாது, விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் துணி அவ்வளவே. பையின் குறுக்கே ஒரு வரி தைத்துவிடுங்கள். ஆனால் ஒரு சின்னப் பையில் மின்னும் வரி போதாது, நாயின் கழுத்துப்பட்டையிலும் உங்கள் முதுகிலும் இருந்தால்தான் பயன்.

துவைப்பது?

வாரம் ஒருமுறை, சோப்புத் தண்ணீரில், கையால். ஊதாவும் சிவப்பும் முதல் இரண்டு மூன்று தடவை சாயம் விடும், வெள்ளைத் துணியோடு போடாதீர்கள். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டி ஆகாது, உருகிவிடும்.

இவ்வளவு செய்தாயிற்று, லீஷையே பின்னிவிடலாமா?

கூடாது. பின்னல் என்றாலே நெகிழ்வு. மிளகு பூனையைப் பார்த்த வேகத்தில் அது ரப்பராக நீளும், கண்ணி ஒன்று விட்டால் மொத்தமும் ஓடிவிடும். லீஷுக்குக் கடையில் விற்கும் நைலான் பட்டைதான்.

எங்கள் வீட்டில் ராஜபாளையம். வெள்ளை நாய்க்கு ஊதா எடுக்குமா?

வெள்ளைக்கு எதுதான் எடுக்காது? ஆனாலும் கேட்டதற்காகச் சொல்கிறேன், சிவப்பு நூலில் ராமநாதபுரம் முண்டு மிளகாய் பின்னுங்கள். உருண்டையாக இருக்கும் மிளகாய் என்பதால் இதே கணக்கு சரிவரும், ஊதாவுக்குச் சொன்ன 22 வரிசையை 20 ஆக்கிக்கொண்டால் போதும். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். அதனால் நிறத்தை உங்களுக்குப் பிடித்த மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள்.